கரண்டு மத்தியானந்தான் வரும்

டீ ஆறட்டும், மேடம். சூடாகக் குடித்து எனக்குப் பழக்கம் இல்லை. தொடாமல் வைத்திருப்பதைப் பார்த்து, பயந்துபோய் இருக்கிறேன் என்று அந்தக் கான்ஸ்டபிள் அக்கா சொன்னார்கள். பயம் எதுவும் இல்லை. இங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. எங்கள் வீட்டில் இந்த நேரத்துக்கு வோல்டேஜே இருக்காது.

மெதுவாகச் சொல், எழுதிக்கொள்கிறேன் என்றீர்கள். மெதுவாகத்தான் எனக்கும் வரும். ஊரில் என்னை ஊமை என்று நினைத்தவர்கள்கூட உண்டு. போன பொங்கலுக்குச் சீட்டுப் பிடிக்க வந்த ஒரு அம்மா, என் எதிரிலேயே என் அம்மாவிடம், “இதுக்குக் காது கேக்குமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். கேட்டது என்று நானும் சொல்லவில்லை.

பெயர் செவ்வந்தி. தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி வருகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். யாரும் என்னை நிறுத்தவில்லை. இங்கிலீஷ் டீச்சர் ஒருநாள் எழுந்து ஒரு பாராவை வாசிக்கச் சொன்னார்கள். வாசிக்கத் தெரியும். வாய்தான் திறக்கவில்லை. வாசிக்கிற வரைக்கும் நில் என்றார்கள். மணி அடிக்கிற வரைக்கும் நின்றேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அம்மாவோடு ஆடு ஓட்டிக்கொண்டு போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். உடம்பு சரியில்லை என்று அம்மா கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்காததால் சொல்வதை விட்டுவிட்டாள்.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பெங்களூரில் கட்டட வேலை. பொங்கலுக்கு வருவார், போவார். நிலத்தை அவர் தம்பி தனசேகரன்தான் பார்த்துக்கொண்டார். அவர் என் சித்தப்பா. இறந்துபோனவர். அவர் மகள்தான் தனுஷா.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தனுஷா என்னைவிடச் சில மாதம்தான் சின்னவள். அக்கா என்று கூப்பிடமாட்டாள். கூப்பிடாதது எனக்குப் பிடித்திருந்தது. அவளிடம் மட்டும் எனக்கு வாய் திறக்கும். ஏன் என்று கேட்டால் தெரியாது. அவள் காத்திருக்கமாட்டாள், அதனால்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் நான் பேசுவதற்காக முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவள் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவாள். நடுவில் எங்கேயாவது நான் ஒரு வார்த்தையைப் போட்டுவிடலாம்.

காலேஜ் முடித்ததும் அவள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே. கவியரசன் சார் நடத்துகிறார். சித்தப்பா என்னையும் சேர்த்துவிட்டார். முதல் நாள் படிக்கட்டு வரைக்கும் போனேன். உள்ளே எல்லோரும் ஒன்றாகக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டேன். தனுஷா வகுப்பு முடித்து வந்து என்னைத் திட்டவில்லை.

“நீ வராட்டி போ. நான் கத்துக்கினு வந்து உனக்குச் சொல்றன். எனக்கும் பேசிப் பாக்க ஒரு ஆளு வேணும் இல்ல?” என்றாள்.

இதை எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஆள் வேண்டும் என்று முதலில் சொன்னது அவள்தான்.

அன்றிலிருந்து சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போவோம். மோட்டார் தண்ணீர் விழுகிற சிமெண்டுத் தொட்டி அங்கே இருக்கிறது. அதன் விளிம்பில் உட்கார்ந்தால் ரோடு தெரியும். மேற்கே கல்வராயன் மலை தெரியும். ஒரு டம்ளர் டீ எடுத்து வருவேன். அவள் பாதி குடிப்பாள். நான் ஆறவிட்டு மீதியைக் குடிப்பேன்.

முதலில் ஒரு செயலை எத்தனை தடவை செய்கிறோம் என்று சொல்கிற சொற்களைப் படித்தோம். எப்போதும் என்றால் ஆல்வேஸ். வழக்கமாக என்றால் யூஷுவலி. அடிக்கடி, ஆஃப்டன். சில சமயம், சம்டைம்ஸ். அபூர்வமாக, ரேர்லி. ஒருபோதும் இல்லை என்றால் நெவர். வீட்டில் இருப்பவர்களை வைத்து வாக்கியம் சொல்லிப் பழகச் சொல்லியிருந்தார் சார். தனுஷா சொன்ன முதல் வாக்கியம் எனக்கு மறக்காது. மை ஃபாதர் ஆல்வேஸ் டைஸ் த ஃபியூஸ் இன் ஹிஸ் டவல். என் அப்பா எப்போதும் பியூஸ் கட்டையைத் துண்டில் முடிந்துகொள்வார். அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். அப்புறம் அவள், “செவ்வந்தி நெவர் டாக்ஸ்” என்று சொல்லிச் சிரித்தாள். நான், “தனுஷா ஆல்வேஸ் கம்ஸ்” என்றேன். நல்ல வாக்கியம் என்றாள்.

மடை மாற்றிக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். “இன்னா பாஷ பேசிக்கினு கீறீங்க ரெண்டு பேரும்? என்னத் திட்டறீங்களா?”

“உன்னப் பத்திதான் நைனா. பெருமையா.”

“பெருமையா இருந்தா தமிழ்ல சொல்லு. உங்கம்மாவுக்கும் கேக்கட்டும்.”

அடுத்தது பார்த்து ஊகிப்பது. கண்ணால் கண்டதை வைத்து, நிச்சயம் இப்படித்தான் என்று தோன்றினால் மஸ்ட் பி. இருக்கலாம் என்றால் மைட் பி. இருக்கவே முடியாது என்றால் காண்ட் பி. இதற்கு ரோடுதான் எங்களுக்குப் புத்தகம். பஸ்ஸிலிருந்து ஒருவர் சாமை மூட்டையோடு இறங்கினால், ஹி மஸ்ட் பி ஃப்ரம் கல்வராயன் என்பாள். மலைக்காரர்தான், சந்தேகம் இல்லை. மஞ்சள் பையோடு ஒருத்தி கிழக்கே நடந்தால், மைட் பி மணலூர்பேட்டை, சம்பந்தம் பேசப் போகிறவள் என்பேன் நான். “எப்படிடி?” என்று கேட்பாள். பூ புதுசு, செருப்பு பழசு, அடிக்கடி நின்று புடவையைச் சரிசெய்துகொள்கிறாள் என்பேன். “உனக்கு வாய்க்குப் பதிலா ரெண்டு கண்ணையும் சேத்து வெச்சிட்டான்டி சாமி” என்பாள்.

ஊகிப்பதில் நான் அவளைவிட நன்றாகச் செய்தேன். சாரிடமும் சொன்னாளாம். சார், அந்தப் பெண்ணை ஒருநாள் கூட்டி வா என்றாராம். நான் போகவில்லை. தேவைப்படவில்லை.

அப்புறம் ஓசூர் வேலை வந்தது. ஒரு கம்பெனியில் போனில் பேசுகிற வேலை, அங்கேயே ஹாஸ்டல். இங்கிலீஷில் போனிலேயே கேள்வி கேட்டார்கள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்துதான் பதில் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் சரியாகச் சொன்ன வாக்கியங்களில் பல நானும் அவளும் பழகியவை. எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவள் தொட்டித் தண்ணீரில் துணியோடு குதித்தாள்.

எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு நாள் கழித்து, “அடிக்கடி வருவியா?” என்று கேட்டேன்.

“அடிக்கடின்னா ஆஃப்டன். ஆஃப்டன் முடியாது, லீவு குடுக்கமாட்டான். சம்டைம்ஸும் கஷ்டம்.” விரலை மடக்கிக்கொண்டே வந்து, “ரேர்லி” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏய், சும்மா சொன்னேன்டி. மூஞ்சியப் பாரு, ஆடு காணாமப் போனாப்பல” என்று சிரித்தாள்.

சும்மா சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவளைப் பற்றி நான் ஊகித்தது எதுவும் தப்பியதில்லை.

அவளுக்குக் கெடுதல் வருகிற மாதிரி எதையும் நான் நினைக்கவில்லை, மேடம். சர்ட்டிபிகேட்டை ஒளித்து வைக்கலாம் என்று தோன்றியது. அது அசிங்கமான வேலை, அவள் அழுவாள், எனவே விட்டுவிட்டேன். எங்கள் தெருவில் எழில்மதி என்று ஒரு பெண் நர்சிங் படிக்கச் சேலம் போனாள். அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். காரியத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அம்மா தனியாக இருக்கிறாள், மாடு இருக்கிறது, நிலம் இருக்கிறது என்று இருந்துவிட்டாள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். தண்ணீர்க் குழாயில் பார்க்கும்போது சிரிப்பாள். அந்த நாட்களில் நான் எழில்மதியைப் பற்றி நிறைய நினைத்தேன். அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லை.

இப்போது கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிணறு இரண்டு பங்கு. பாதி எங்களுடையது. பாதி சுப்புராயன் பெரியப்பாவுடையது. அவர் பங்காளி. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் அவர் முறை. இரண்டு பங்குக்கும் ஒரே மோட்டார், அது தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். அதன் கேபிளில் எங்கோ கீறல் விழுந்திருந்தது. மோட்டார் ஓடினால் தண்ணீரில் கரண்டு இறங்குகிறது என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும். தவளைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும். மாற்ற வேண்டும் என்று இரண்டு பேரும் பேசுவார்கள். யார் மாற்றுவது என்பதில் பேச்சு நின்றுவிடும்.

மோட்டார் ஓட த்ரீ பேஸ் கரண்டு வேண்டும், அது நாளில் கொஞ்ச நேரந்தான் வருகிறது. அது வருகிற நேரத்துக்கு ஓடிப்போய்ப் போட முடியாது என்பதால் எல்லோரும் ஸ்டார்ட்டரை ஆட்டோவிலேயே விட்டுவிடுவோம். கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடும். மெயின் சுவிட்சின் கைப்பிடி உடைந்து நாளாகிறது. அதனால் யாராவது கிணற்றில் இறங்க வேண்டுமானால் மோட்டார்க் கொட்டகையில் மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கினதை அங்கேயே வைக்கமாட்டார்கள். யாராவது தெரியாமல் வந்து மாட்டிவிடுவார்கள் அல்லவா. இறங்குகிறவர் அதைத் துண்டில் முடிந்து தலையில் கட்டிக்கொண்டு இறங்குவார். எங்கள் பக்கம் எல்லாக் கிணற்றிலும் அப்படித்தான். சித்தப்பா எப்போதும் அப்படித்தான்.

அன்றைக்கு முதல்நாள் மலையில் நல்ல மழை. ஓடைத் தண்ணீர் கிணற்றுக்குள் புகுந்து, குப்பையும் பாலித்தீன் பையுமாக மோட்டார் வாயில் அடைத்துக்கொண்டது. சுப்புராயன் பெரியப்பா முறை அது. அவருடைய மரவள்ளி காய்ந்துகொண்டிருந்தது. “உன் பங்கு கெணறுதான, நீ எறங்கி எடேன்” என்று டீக்கடையில் சித்தப்பாவிடம் சத்தம் போட்டிருக்கிறார். “எறங்காட்டி நானே உன்னப் புடிச்சி உள்ள தள்ளுவேன்டா” என்றும் சொல்லியிருக்கிறார். அவர் எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவார். அவருடைய மாட்டிடமும்.

சித்தப்பா காலையில் கிணற்றடிக்கு வந்தார். நான் ஆடுகளோடு அங்கே இருந்தேன். தனுஷா கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தாள், ஓசூருக்கு எடுத்துப்போகப் பை வாங்க. சித்தப்பா கட்டைகளைப் பிடுங்கித் துண்டில் முடியப் போனார். அப்புறம் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஏறியிருந்தது. மோட்டார் வாய் ஆழத்தில் இருந்தது. முங்கித்தான் எடுக்க வேண்டும், தலையில் கட்டினால் நனைந்துவிடும்.

“இந்தா, இத நீ புடி” என்று என்னிடம் கொடுத்தார். “உன் கையில இருந்தா நான் நிம்மதியா முங்குவேன். இந்த வூட்டுல சொன்ன எடத்துல நெலையா நிக்கறவ நீ ஒருத்திதான். அவளப் பாரு, பையத் தூக்கிக்கினு ஓடறா.” துண்டை மடித்துக் கிணற்று மேட்டில் வைத்தார். “கரண்டு எப்போம்மா?”

“மத்தியானந்தான் வரும் சித்தப்பா” என்றேன்.

வழக்கமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. யூஷுவலி.

அவர் படியில் இறங்கினார். முதல் முறை முங்கி எழுந்து ஒரு கை பாலித்தீனை மேலே எறிந்தார். “எவ்ளோ குப்ப பாரு, ஊரே இங்கதான் கீது” என்றார். நான் சிரித்தேன். இரண்டாவது முறை முங்கினார். நான் கொட்டகைக்குள் போனேன். மூன்று கட்டையையும் அதனதன் இடத்தில் மாட்டினேன். அப்போது கரண்டு இல்லை. கரண்டு இல்லாத இடத்தில் பியூஸ் மாட்டுவதில் ஒன்றும் இல்லை, மேடம். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சுவிட்சைத் தொடவே இல்லை.

வெளியே வந்து கொட்டகைக்குப் பின்னால் புங்க மர நிழலில் உட்கார்ந்தேன். ஒரு குட்டிக்குக் காலில் முள் இருந்தது, எடுத்துவிட்டேன். அப்புறம் ஸ்டார்ட்டர் விழுகிற சத்தம் கேட்டது. டக் என்று ஒரே சத்தம். தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. குழாய் நிறைய வந்தது. ஹி மஸ்ட் ஹாவ் ரிமூவ்ட் இட் என்று நினைத்தேன். அடைப்பை முழுசாக எடுத்துவிட்டிருக்கிறார்.

கிணற்றிலிருந்து குரல் எதுவும் வரவில்லை.

மோட்டார் சத்தம் கேட்டு மடை திறக்க ஓடிவந்தவர் சுப்புராயன் பெரியப்பா. எட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குள் ஓடினார். கட்டைகளைப் பிடுங்கினார், அவர் கை பொசுங்கிவிட்டது. அதோடு கத்திக்கொண்டே கிணற்றுக்குள் இறங்கினார். வயல்களிலிருந்து ஓடிவந்தவர்கள் பார்த்தபோது சித்தப்பாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். இன்னொரு கையில் பியூஸ் கட்டை இருந்தது. அவருடைய முறை, அவருடைய மரவள்ளி, அவர் டீக்கடையில் சொன்ன வார்த்தை. ஊர் அதை வைத்து ஊகித்தது. உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் ஊகித்தார். மஸ்ட் பி.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் ஆடுகளும் அங்கேதான் இருந்தோம். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

பெரியப்பா ஜெயிலுக்குப் போனார். அவர் பெண்டாட்டி சின்னக்கண்ணு பெரியம்மா குழாய்க்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் மரவள்ளி அந்த வருஷம் பிடுங்க ஆளில்லாமல் மண்ணிலேயே கிடந்தது. அதற்காக நான் வருத்தப்பட்டிருக்கிறேன். சம்டைம்ஸ்.

தனுஷா ஓசூருக்குப் போகவில்லை. நான் நினைத்தது சரியாக இருந்தது. அவள் அம்மா பாப்பாத்திச் சித்தி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தவள், கூப்பிட்டால் எழுந்திருப்பாள், இல்லாவிட்டால் இல்லை. மாட்டைத் தனுஷாதான் பார்த்தாள். வாங்கின பை பரணில் இருந்தது. முதல் கொஞ்ச நாள் அவள் பேசவில்லை. அப்போது நான் பேசினேன். அந்த வீட்டில் போய் நான்தான் சமைத்தேன், சித்திக்குத் தலை வாரினேன், தனுஷா அழுதபோது பக்கத்திலேயே படுத்திருந்தேன். இவ்வளவு யார் செய்வார்கள். “நீ இல்லாட்டி நான் செத்திருப்பேன்டி” என்று அவளே சொன்னாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

மறுபடியும் தொட்டிக்கு அழைத்துப்போனது நான்தான். மறந்துவிடக் கூடாது, பேசிப் பார்க்கலாம் என்றேன். டம்ளரில் டீ கொண்டுபோனேன். மெல்ல மெல்லப் பழையபடி ஆனாள். அந்த மாதங்கள் நன்றாக இருந்தன, மேடம். என் வாழ்க்கையில் அவ்வளவு பேசியதில்லை.

போன வாரம் ஓசூரிலிருந்து மறுபடி போன் வந்தது, இடம் காலி இருக்கிறது என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன் என்றாள். பரவாயில்லை, பழகுவதை விடாதே என்றேன். நேற்றுச் சாயங்காலம் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. ஊகிக்க யாரும் இல்லை. நான்தான் எதையாவது எடுத்துச் சொல்லு என்றேன். அவள் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில்தான் ஆரம்பித்தாள், பாடம் மாதிரி.

என் அப்பா எப்போதும் பியூஸ் கட்டையைத் துண்டில் முடிந்துகொள்வார் என்றாள். பழைய வாக்கியம். அப்புறம், அன்றைக்குத் துண்டு கிணற்று மேட்டில் இருந்தது, மடித்தது மடித்தபடி, முடிச்சுப் போட்ட கசங்கல்கூட இல்லை என்றாள். காரியத்தன்று அந்தத் துண்டை எடுத்து வைத்தது அவள்தான். எனவே அவர் முங்கியிருக்கிறார், கட்டைகளை யாரிடமோ கொடுத்திருக்கிறார். கொட்டகையில் வைத்திருக்கவே முடியாது, காண்ட் பி. சுப்புராயன் பெரியப்பாவிடம் கொடுத்திருக்கவே முடியாது, டீக்கடையில் அவ்வளவு சண்டை நடந்திருக்கிறது. அவர் நம்புகிற யாரோ, அங்கேயே நிற்கிற யாரோ.

வாக்கியங்கள் எல்லாம் சரியாக இருந்தன. நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். அவள் மஸ்ட் பி என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். என் பக்கம் திரும்பினாள்.

“நைனா உங்கிட்டதான குடுத்தாரு?” என்று தமிழில் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

“நீ கீழ வெச்சிட்டியா? வேற யாராவது எடுத்தாங்களா? சொல்லுடி. பயப்படாத. யாருனா எடுத்தாங்களா?”

அப்போது நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் கேட்டாள், அவள் முகமே கெஞ்சியது. ஆனால் அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. இல்லை, நான்தான் மாட்டினேன் என்றேன். நீ போய்விடுவாய் என்றுதான் என்றேன். அவள் டீயில் தன் பாதியைக் குடிக்காமலே எழுந்து போனாள். நான் வீட்டுக்கு வந்தபோது அவள் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது.

இன்னொன்றும் நீங்கள் கேட்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் லைன்மேன் பேசி அனுப்புவார். டிரான்ஸ்பார்மர் வேலை இருக்கிறது, அந்த வாரம் முழுக்கக் காலையில்தான் த்ரீ பேஸ் என்று அனுப்பியிருந்தார். சுப்புராயன் பெரியப்பா போனில் அது இருந்ததைப் போலீஸ் எடுத்துக் காட்டினார்களே, அதேதான். நைனாவின் பழைய போன் என்னிடம் இருக்கிறது. ஆட்டுக்குத் தழை கட்டும்போது நானும் கேட்டேன். சித்தப்பாவிடம் இருந்தது பட்டன் போன், அவருக்கு அது வராது. அவர் கரண்டு எப்போம்மா என்று கேட்டபோது எனக்குத் தெரியும். இருந்தும் மத்தியானம் என்றேன். அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தனுஷா போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். இரண்டும் வேறு வேறு. அதைத் தயவுசெய்து வேறு வேறாகவே எழுதுங்கள்.

சித்தப்பாமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. என்னை நிலையாக நிற்கிறவள் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

இன்று காலையில் தனுஷாதான் ஆட்டோ கூப்பிட்டாள். சித்தியும் வந்தாள். நான் நடுவில் உட்கார்ந்தேன். தனுஷா வழியெல்லாம் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். பரணில் இருந்த அந்தப் பெரிய பை அவள் மடியில் இருந்தது. எதற்கு என்று கேட்கவில்லை. ஸ்டேஷனில் நேரமாகும் என்று மாற்றுத்துணி எடுத்திருக்கலாம். மைட் பி எனக்குத்தான். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தி முந்தானையில் முடிந்திருந்தாள்.

தனுஷா உங்களிடம் எழுதிக் கொடுத்தாள், கையெழுத்துப் போட்டாள், வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்து டீ கொண்டுவந்த கான்ஸ்டபிள் அக்கா, “இன்னாத்துக்கு வாசலையே பாத்துக்கினு கீற? அந்தப் பொண்ணு அவங்கம்மாவப் பொறந்த வூட்டுக்கு மணலூர்பேட்ட பஸ்ல ஏத்திவுட்டுட்டு அப்பவே ஓசூர் பஸ் ஏறிடுச்சி. நானே பாத்தேன்” என்றார்கள்.

அவர்கள் வேறு யாரையோ பார்த்திருப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் அந்த மாதிரிப் பையோடு எத்தனையோ பெண்கள் நிற்பார்கள். தனுஷாவாக இருக்க முடியாது, மேடம். எனக்கு ஊகிக்கத் தெரியும். அவளுக்குப் பேசிப் பார்க்க என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள். வெளியே மர நிழலில் பெஞ்சு போட்டிருக்கிறதே, அங்கேதான் உட்கார்ந்திருப்பாள்.

டீ ஆறிவிட்டது. என் பாதியைக் குடித்துவிட்டேன். மீதியைக் கொட்டிவிட வேண்டாம், அவள் வருவாள்.